தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்விக்கு இடமும் பொருளும் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பட்டணத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் செம்பனையும் ரப்பருமாகத் தோட்டங்கள்தான். அவற்றின் ஓரத்திலும் உள்ளேயும் சின்னச் சின்னத் தமிழ்ப்பள்ளிகள். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே இருந்தால் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அந்த வகையில் வருபவை ஏராளம். இப்படிப்பட்ட பள்ளிகளில் உடற்கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: திடல் சின்னது, சாமான் இல்லை, பணம் இல்லை.

மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெரிய திடலும் நிறைய சாமானும் உள்ள பள்ளியிலும் பிள்ளைகள் வரிசையில் நின்றே பாடவேளை முடிந்துவிடுவதுண்டு. ஆகவே எதை அமைத்தாலும், எதை வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் கூடுதலாக ஓடியாடும்? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது. உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் மூவரும் சேர்ந்து படித்தால் நல்லது.

படி 1: முதலில் நேரத்தைக் காப்பாற்றுங்கள்

திடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டப்படி வாரத்துக்கு 60 நிமிடம் உடற்கல்வி, 30 நிமிடம் நலக்கல்வி. இதை 30 நிமிடப் பாடவேளைகளாகப் போடுவதே வழக்கம். அந்த 30 நிமிடத்தில் உடை மாற்றவும் வரிசையாகத் திடலுக்குப் போகவும் திரும்பி வரவும் 10 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 20 நிமிடம். வகுப்பில் 24 பேர், கையில் ஒரே ஒரு பந்து என்றால், முறை போட்டு விளையாடும்போது ஒரு பிள்ளைக்கு 50 விநாடிதான் கிடைக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. முடிந்தால் இரண்டு பாடவேளைகளையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள். உடை மாற்றும் நேரம் ஒருமுறையோடு முடியும். உடற்கல்வி உள்ள நாளில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே விளையாட்டு உடையில் வர அனுமதியுங்கள். திடல் வேலையைக் காலை 10 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் திடலில் இருக்கும்படி அட்டவணை போடாதீர்கள். பிள்ளைகள் குறைவாக இருப்பதால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து நடத்தும் பள்ளி என்றால், வயதுக்கேற்ப இரண்டு குழுவாகப் பிரித்து, திடலைக் கயிறு போட்டுப் பங்கிடுங்கள்.

ஆறாம் ஆண்டு உடற்கல்வியை எடுத்துப் பரீட்சைப் பயிற்சிக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-லேயே ரத்தாகிவிட்டது. அந்தப் பாடவேளை பிள்ளைகளுடையது; திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: இருக்கும் இடத்தை அளந்து வரைபடம் போடுங்கள்

50 மீட்டர் அளவுநாடா ஒன்று போதும். பள்ளி வளாகத்தைச் சுற்றி நடந்து, திடல், சபைகூடல் தளம், சிற்றுண்டிச்சாலை, நடைபாதை, கட்டடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடம் என்று எல்லாவற்றின் நீள அகலத்தையும் ஒரே தாளில் குறியுங்கள். சின்னப் பள்ளியில் விளையாட இடமே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த வேலையைச் செய்ததும் மனம் மாறுவார்கள்.

அளவோடு இவற்றையும் குறிக்க வேண்டும்: காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது, மழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே தேங்குகிறது, மூடியில்லாத கால்வாய் எங்கே, வேர் கிளம்பிய இடம் எது, தோட்டத்து எல்லை எவ்வளவு பக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். அந்த மாதங்களில் ஒருமுறை இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் நடந்து பாருங்கள்.

அப்புறம் நிலம் யாருடையது என்ற விஷயம். தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படித் தோன்றிய பள்ளிகளில் பல இன்றைக்கும் தோட்டக் கம்பெனியின் நிலத்தில்தான் நிற்கின்றன. அவை அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். அந்த நிலைமையில் திடலை மேடாக்குவதோ கால்வாய் வெட்டுவதோ கூரை போடுவதோ எதுவானாலும், நில உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். தோட்ட மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. மேலாளர் மாறுவார், கம்பெனியே கைமாறும், கடிதம்தான் நிற்கும். பள்ளி மேலாளர் வாரியம் இருந்தால் அதன் வழியாகக் கேட்பது சுலபம்.

படி 3: சிமெண்டுத் தளத்துக்குக் கோடு போடுங்கள்

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்த வேலைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூப்பந்து இரட்டையர் ஆட்டக்களத்தின் அளவு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பந்தைக் காலால் உதைத்து வலையைத் தாண்டவிடும் செப்பாக் தக்ராவ் விளையாட்டின் களமும் இதே அளவுதான். ஆக ஒரே வெளிக்கோட்டில் இரண்டு விளையாட்டு. சபைகூடல் தளத்தில் இந்த அளவும் சுற்றிலும் ஓரிரு மீட்டர் இடைவெளியும் கிடைத்தால் உங்களுக்கு ஒரு களம் தயார்.

கோடு போடும் முறை இது. முதலில் 13.4 மீட்டருக்கு ஒரு நேர்கோட்டைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து 6.1 மீட்டர் பக்கக்கோடு. மூலை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 14.72 மீட்டர் வர வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் களம் நேராக இருக்கிறது. நடுவில் 6.7 மீட்டரில் வலைக்கோடு. கோட்டின் அகலம் 4 சென்டிமீட்டர். தளத்தை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, சாலைக் கோட்டுக்குப் பயன்படுத்தும் சாயத்தை அடியுங்கள். சாதாரணச் சுவர்ச் சாயம் சில மாதத்தில் உரிந்துவிடும். களம் முழுவதையும் வழவழப்பான சாயத்தால் நிரப்ப வேண்டாம். மழைத்துளி பட்டால் வழுக்கும்.

தக்ராவுக்கு அதே களத்தில் வேறு நிறத்தில் சேர்க்க வேண்டியவை: இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள ‘செர்வ்’ வட்டம் (அதன் நடுப்புள்ளி பின்கோட்டிலிருந்து 2.45 மீட்டர், பக்கக் கோட்டிலிருந்து 3.05 மீட்டர்), வலைக்கோட்டின் இரு முனையிலும் 90 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால்வட்டங்கள். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.52 மீட்டர், பெண்களுக்கு 1.42 மீட்டர். முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டுங்கள். பந்து வலையைத் தாண்டினால்தான் பிள்ளைக்கு ஆசை வரும்.

முறையான களம் முக்கியமாகப் படிநிலை 2-க்கு, அதாவது நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை. படிநிலை 1, அதாவது முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு முறையான களத்தைவிட வேறு கோடுகள்தான் முக்கியம். நடைபாதையில் இரண்டு பாண்டிக் கட்டங்கள், சுவரோரம் கால்தடம் வரிசை, 1 முதல் 20 வரை எண்கள் எழுதிய வட்டங்கள், வளைந்து நெளிந்து போகும் ஒரு நீளக்கோடு. சுவரில் வெவ்வேறு உயரத்தில் மூன்று இலக்கு வட்டங்கள் வரைந்துவிட்டால், எறிதல் பாடத்துக்கு அந்தச் சுவரே போதும். ஓய்வு நேரத்திலும் பிள்ளைகள் இவற்றைத் தாங்களாகவே பயன்படுத்துவார்கள். வாரம் ஒரு மணி நேரப் பாடத்தைவிட, தினசரி இருபது நிமிட ஓய்வில் குதிப்பதுதான் கால்களுக்கு அதிகப் பலம் என்பது என் கருத்து.

படி 4: திடல்

புல்லை ஒட்ட வெட்ட வேண்டாம். கணுக்கால் மறையாத அளவு போதும். வேரோடு சுரண்டினால் மழைக்குச் சேறாகிவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மணல் கலந்த மண்ணால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். லோரி நிறைய மண்ணை ஒரேயடியாகக் கொட்டினால் இருக்கும் புல்லும் போய்விடும்.

ஓட்டப்பாதை பற்றி ஒரு கணக்கு. 200 மீட்டர் வட்டப்பாதை போட வேண்டுமானால் 50 மீட்டர் நேர்ப்பாதை இரண்டு, அரைவட்டம் இரண்டு. உள்கோட்டின் ஆரம் 15.72 மீட்டர் இருக்க வேண்டும். கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் ஒரு சுற்று 200 மீட்டர் வரும். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு தடம் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 91 மீட்டர் நீளமும் 41 மீட்டர் அகலமும் தேவை. 200 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் தடத்துக்காரர் 7.67 மீட்டர் முன்னால் நிற்பார், மூன்றாமவர் 15.33, நான்காமவர் 23 மீட்டர். அரைவட்டத்தின் நடுப்புள்ளியில் ஒரு முளையடித்து, நீளாத கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் வளைவு சரியாக விழும். அந்த முளைகளின் இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் தேட வேண்டாம்.

அவ்வளவு இடம் இல்லையா? வட்டப்பாதையை விட்டுவிடுங்கள். 75 மீட்டர் நீளம் கிடைத்தால் 60 மீட்டர் நேர்ப்பாதை போட்டு, முடிவுக்கோட்டுக்கு அப்பால் 10 மீட்டருக்குக் குறையாமல் காலியாக விடுங்கள். வேலியை நோக்கி ஓடவிடக் கூடாது. வட்டப்பாதை விளையாட்டுப் போட்டி நாளுக்குத்தான் வேண்டும். அன்றைக்குத் தோட்டத்துத் திடலையோ பக்கத்து இடைநிலைப்பள்ளித் திடலையோ நகராண்மைக் கழகத் திடலையோ கேட்டு வாங்கலாம். 20.92 விநாடியில் 200 மீட்டர் ஓடி, அந்தத் தேசியச் சாதனையைச் சுமார் ஐம்பது ஆண்டு வைத்திருந்த மணி ஜெகதீசன் பிறந்தது சுங்கை சிப்புட் அடங்கிய இதே கோலகங்சார் மாவட்டத்தில்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நீளம் தாண்டும் மணற்குழிக்கு 2.75 மீட்டர் அகலம், 6 முதல் 7 மீட்டர் நீளம் போதும். ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் ஒரு அடுக்குச் சரளைக்கல் போட்டால் தண்ணீர் வடியும். சரளைக்கும் மணலுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கும் துணியை விரித்துவிடுங்கள், கல் மேலே வராது. கழுவிய ஆற்று மணல்தான் வேண்டும், கட்டட மணலில் கல் இருக்கும். விளையாடாத நேரத்தில் தார்ப்பாயால் மூடி வையுங்கள். மூடாவிட்டால் பூனை அசுத்தம் செய்யும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் மணலைக் கிளறிவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும்; மழை பெய்து இறுகிய மணல் சிமெண்டுத் தளத்துக்குச் சமம்.

படி 5: சாமான்

கலைத்திட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அடிப்படைச் சீருடற்பயிற்சி, இசையோடு அசைவு, தாக்குதல் வகை விளையாட்டு, வலை வகை விளையாட்டு, அடித்தலும் பந்து தடுத்தலும், அடிப்படைத் திடல்தடம், மனமகிழ் நடவடிக்கை என்று பல பிரிவுகள் இருக்கின்றன. நடைமுறையில் ஆண்பிள்ளைகளுக்குக் காற்பந்து, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து என்று சுருங்கிவிடுகிறது. அதை மாற்ற வேண்டுமானால் சாமான் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

20 பேர் வகுப்புக்கு என் பட்டியல் இதுதான். ஆளுக்கொரு பந்து, அதாவது 20. ஆனால் எல்லாம் காற்பந்தாக இருக்கக் கூடாது. மெத்தென்ற ரப்பர்ப் பந்து பாதி, மீதியில் காற்பந்து, வலைப்பந்து, டென்னிஸ் பந்து கலந்து. ஆளுக்கொரு ஸ்கிப்பிங் கயிறு, ஆளுக்கொரு சிறு எறிபை. வளையம் 10, கூம்பு 20, நான்கு நிறத்தில் மேலங்கி ஐந்தைந்து, பூப்பந்து மட்டை 10, சீருடற்பயிற்சி மெத்தை 4, விசில், நிறுத்தற்கடிகாரம், அளவுநாடா, காற்றடிக்கும் பம்ப், முதலுதவிப் பெட்டி. இவை முழுதாகச் சேர்வதற்கு முன் ஈட்டி, தட்டு போன்றவற்றை வாங்க வேண்டாம். பத்து பேர் வேடிக்கை பார்க்க ஒருவர் எறியும் சாமான் அவை.

எதைச் செய்துகொள்ளலாம், எதைக் கடையில் வாங்க வேண்டும்? பிள்ளை கையில் பிடிப்பதைச் செய்துகொள்ளலாம். பிள்ளையின் எடையைத் தாங்குவதையும், பிள்ளை மேல் விழக்கூடியதையும் நாமே செய்யக் கூடாது. எறிபையைப் பெற்றோர் தைத்துத் தருவார்கள்: பழைய ஜீன்ஸ் துணி, உள்ளே கழுவிக் காயவைத்த மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி 100 கிராம் அளவுக்கு. பயறு போட்டால் எலி வரும். தண்ணீர்க் குழாயை இரண்டரை மீட்டருக்கு வெட்டி முனைகளை இணைத்தால் வளையம். காலி மினரல் வாட்டர் போத்தலில் கொஞ்சம் மணல் போட்டால் கூம்புக்குப் பதில் நிறுத்தலாம். ஆனால் மெத்தையும் தாண்டும் பெட்டியும் கோல் கம்பமும் முறையாகச் செய்தவையாகவே இருக்க வேண்டும்.

கோல் கம்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோல் கம்பம் சாய்ந்து மாணவர் உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. நகர்த்தக்கூடிய கம்பம் என்றால் பின்சட்டத்தைத் தரையோடு முளையடித்துப் பிணைக்க வேண்டும். பயன்படுத்தாதபோது முகம் குப்புறப் படுக்க வைத்துச் சங்கிலி போடுங்கள். துருப்பிடித்து ஆடும் கம்பத்தை ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள், அன்றே அப்புறப்படுத்துங்கள். கூம்பு இரண்டை வைத்தால் கோல் ஆகிவிடும்.

இன்னொன்று, பழைய டயர். தோட்டப்புறத்தில் இலவசமாகக் கிடைப்பதால் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல சாமான்தான், ஆனால் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை போடுங்கள், அல்லது கூரைக்கு அடியில் வையுங்கள். கொசு வளரும் இடம் இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார இலாகா நடவடிக்கை எடுக்கலாம். டெங்கி வந்தால் பிள்ளை பாடு என்ன?

படி 6: செகாக் சோதனைக்கு ஒரு மூலை

நான்காம் ஆண்டிலிருந்து செகாக் உடல்தகுதிச் சோதனை உண்டு. பெஞ்சில் ஏறி இறங்குதல் 3 நிமிடம், தண்டால், பாதி எழும் வயிற்றுப்பயிற்சி, கால் நீட்டி முன்வளைதல், கூடவே உயரமும் எடையும். இதற்கு 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆடாத பெஞ்சு வேண்டும். நல்ல தச்சரிடம் நாலைந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏறுமளவு நீளமாகச் செய்யச் சொல்லுங்கள். சோதனை நாளில் மட்டும் பெஞ்சைப் பார்க்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். அதை வருடம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். எடை பார்க்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

படி 7: உடை மாற்றும் இடமும் கழிப்பறையும்

வசதி என்றதும் யாரும் இதை நினைப்பதில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் உடற்கல்வி நாளில் ‘வயிற்றுவலி’ என்று ஒதுங்கினால், உடை மாற்ற மறைவான இடமும் தாழ்ப்பாள் விழும் கதவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தாழ்ப்பாள், ஒரு கொக்கி, ஒரு குப்பைக்கூடை, தண்ணீர். பெண் ஆசிரியை ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். நடக்க முடியாத பிள்ளை இருந்தால் வகுப்பிலிருந்து களம் வரை ஒரு சாய்தளம் போட்டு, எறிதல் இலக்குகளில் ஒன்றை உட்கார்ந்த உயரத்தில் வரையுங்கள். மார்க் போட உட்கார வைப்பது விளையாட்டு ஆகாது.

படி 8: பணமும் இரவலும்

ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பள்ளிக்குத் தரும் தலைக்கட்டு உதவித்தொகை மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே சின்னப் பள்ளிக்குக் கிடைப்பதும் சின்னத் தொகைதான். அதை வைத்து நுகர்பொருளை வாங்குங்கள்: பந்து, இறகுப்பந்து, சாயம். மெத்தை, வலைக் கம்பம் போன்ற நாளானாலும் நிற்கும் பொருள்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர்கள், தோட்டக் கம்பெனி, பட்டணத்து வியாபாரிகள். கேட்கும்போது “விளையாட்டுக்கு ஏதாவது உதவி செய்யுங்கள்” என்று கேட்காதீர்கள். வரைபடத்தையும் பட்டியலையும் கொடுத்து, “இந்த நான்கு மெத்தை, இந்த அளவு” என்று கேளுங்கள். அன்பளிப்பாக வந்ததையும் பள்ளிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து மூன்று சின்னப் பள்ளிகள் பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தாண்டும் பெட்டி ஒருவர், ஹாக்கி மட்டைகள் ஒருவர், கிரிக்கெட் சாமான் ஒருவர் என்று வாங்கி, தவணைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாறுவதற்கு முன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 9: வெயில், இடி, புகைமூட்டம், தோட்டத்து மருந்து

இடிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விடக் கூடாது. மரத்தடி, கூரை மட்டுமுள்ள கொட்டகை இரண்டும் ஒதுங்கும் இடமல்ல. புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிநடவடிக்கை நிறுத்தம், 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 பாகைக்குக் குறையாமல் இருந்தால் வானிலை இலாகா எச்சரிக்கை விடும். அதற்குக் காத்திராமல், சிமெண்டுத் தளத்தில் கை வைத்துப் பாருங்கள், கை தாங்காவிட்டால் பாடம் நிழலுக்கு மாற வேண்டும். இதற்காகவே சிற்றுண்டிச்சாலையில் மேசையை ஒதுக்கிவிட்டுச் செய்யக்கூடிய ஐந்தாறு பாடங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: கயிறு, எறிபை, இசையோடு அசைவு, மெத்தைப் பயிற்சி.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் நாள்களை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லைப் பக்கம் அடிக்கும் அன்று திடலுக்குப் போக வேண்டாம். திடலோரப் புதரை வெட்டி வைத்தால் பாம்புப் பயம் குறையும். பந்து செம்பனைக்குள் போனால் ஆசிரியர்தான் எடுக்க வேண்டும், பிள்ளையை அனுப்பக் கூடாது.

படி 10: சாமான் அறை

சாமான் அறையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய தட்டுகளோடு அமையுங்கள். கரையானும் ஈரமும்தான் நம் ஊர்ப் பகை. மெத்தைகளை நிறுத்தி வைக்காமல் படுக்கப் போடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் பொருளின் படத்தையும் எண்ணிக்கையையும் ஒட்டிவிட்டால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே எடுத்துத் திரும்ப அடுக்குவார்கள். உங்களுக்குப் பாடத்தில் ஐந்து நிமிடம் மிஞ்சும். உடைந்ததைத் தனிப் பெட்டியில் போட்டு, தவணை முடிவில் எண்ணுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது வரைபடம், முளைகளின் இடம், சாமான் எண்ணிக்கை, நில உரிமையாளர் கடிதத்தின் நகல், இரவல் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே அந்தக் கோப்போடும் அளவுநாடாவோடும் வளாகத்தை ஒருமுறை சுற்றி வரட்டும்.